விதையை நம்பாத லில்லி

விதையே இல்லாமல் ஒரு பூச்செடி ஊர் ஊராகப் பரவ முடியுமா, நேயர்களே?

ஆரஞ்சு இதழில் கரும்புள்ளிகள் தெறித்த டைகர் லில்லி அப்படித்தான் பரவியிருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் பரவலாகக் காணும் செடிகளில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இல்லை, மும்மூன்றாக இருக்கின்றன. விதைக்கான செல்கள் உருவாகும்போது மூன்றை இரண்டு சமபங்காகப் பிரிக்க முடியாதே! அதனால் விதை பிடிப்பதில்லை.

ஆனாலும் செடி விடவில்லை. இலையும் தண்டும் சேரும் இடுக்கில், கறுப்பு மணிகளைப் போலக் குட்டிக் குமிழ்கள் திரளும். அவை உதிர்ந்து விழும் இடத்தில் புதுச் செடி! அடிக்கிழங்கு சமையலுக்கும் உதவுவதால், மனிதர்களும் கொண்டுபோய் நட்டார்கள்.

விதை தரும், இரட்டைக் குரோமோசோம் உறவினரும் இதற்கு உண்டு. கொரியாவின் கடலோரங்களிலும் தீவுகளிலும், ஜப்பானின் சுஷிமா தீவிலும் அவை இன்றும் காட்டுச் செடிகளாகப் பூக்கின்றன.