ஆய்லரும் தமிழ்நாட்டு ஆண்டுக்கணக்கும்

ஜவ்வாது மலையின்மேல், சாமைக்கும் பலாவுக்கும் தேனுக்கும் பேர்போன ஜமுனாமரத்தூரில், பள்ளிப் பிள்ளையொருவன் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து, ஆனிக்கு 32 நாள் வருகிற ஆண்டிலும் மார்கழிக்கு 29 நாளே வருவானேன் என்று கேட்பானாகில், அவனுக்கு விடை கூறப் புகும் ஆசிரியர், 1738ஆம் ஆண்டில் ருஷிய தேசத்துப் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்துகொண்டு நம்மவருடைய ஆண்டுக்கணக்கைப் பற்றி எழுதிய ஒரு மகாமேதையின் பெயரையும் சேர்த்துச் சொல்வது மிகவும் பொருத்தமாகும். அம்மேதை லியோனார்டு ஆய்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் கணித சாஸ்திரிகளுள் தலைமை இடம் அவருக்கே உரியது என்பது என் துணிபு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த ஆய்லர், தந்தையைப் போலத் தாமும் சமயப் பணிக்கே போகவேண்டியவராக இருந்தும், அந்நாளைய கணிதப் பேராசான் யோகான் பெர்னூலியின் கண்ணில் பட்டு, சனிக்கிழமை தோறும் அவரிடம் ஐயம் தெளிந்துகொள்ளும் பேறு பெற்று, இருபதாம் வயதில் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்று சேர்ந்தார். அக்கழகத்தில் அவருடன் இருந்த பாயர் என்னும் சரித்திர பண்டிதர், பாக்திரிய நாட்டை ஆண்ட கிரேக்க அரசர்களைப் பற்றி ஒரு நூல் எழுதிவந்தார். நம் சோழநாட்டுக் கரையில், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் ஊழியம் செய்த வால்தர் என்ற பாதிரியார், இந்தியர் காலத்தைக் கணிக்கும் முறையைத் தொகுத்து எழுதிய ஏடு அந்நூலுடன் சேர்க்கப்பட்டது. இந்தியரின் சௌர வருஷத்தைப் பற்றி ஆய்லர் லத்தீன் மொழியில் வரைந்த சிறு கட்டுரையும் அதே நூலில் 1738இல் அச்சேறியது.

அக்கட்டுரையின் பொருள் யாது என்று அறிய, நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை எண்ணை முதலில் நோக்கவேண்டும். ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை; கடிகாரக் கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிஷம், 30 விநாடி. இது ஆரியபடர் கி.பி. 499ஐ ஒட்டி இயற்றிய நூலிலிருந்து வழிவழியாக வந்த அளவு. வெயிலும் பனியும் மாறி வரும் பருவச் சுழற்சியோ 365 நாள், 5 மணி, 48 நிமிஷம், 45 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய 24 நிமிஷ வேற்றுமை! இதைக் கண்ட ஐரோப்பியர் ஒருவர், கீழ்த்திசையார் கணக்கில் பிழை செய்துவிட்டனர் என்று ஏட்டை மூடிவைத்திருக்கலாம். ஆய்லர் அவ்வாறு செய்யவில்லை. இவர்கள் எண்ணுவது பருவங்களின் ஆண்டு அன்று, சூரியன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நட்சத்திரத்தை வந்தடையும் ஆண்டு என்று அவர் தெளிவாகக் கண்டுகொண்டார். இன்றைய கருவிகள் அந்த நட்சத்திர ஆண்டுக்குத் தரும் அளவு 365 நாள், 6 மணி, 9 நிமிஷம், 10 விநாடி. தொலைநோக்கி இல்லாத காலத்தில் தோன்றிய நம் எண் இதனினும் மூன்று நிமிஷத்துச் சொச்சமே மிகுதி.

பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப் போல மெல்ல வட்டமிடுவதால்தான் இவ்விரு ஆண்டுகளும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டினால் நம் சித்திரை முதல் நாள் பருவத்தை விட்டு ஏறத்தாழ அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளிப் போகிறது. சூரியன் மெய்யாகவே வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல் நிகழ, நாம் தை முதல் நாளை ஜனவரி மத்தியில் கொண்டாடுவதற்கும் இதுவே காரணம். மாணவனின் மாதக் கேள்விக்கோ விடை வேறு. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே நமக்கு ஒரு மாதம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து விரைந்து செல்வதால் மார்கழி குறுகுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில் மெதுவாகச் செல்வதால் ஆனி நீள்கிறது. நாட்காட்டியிலேயே இந்தக் கோள் கணிதம் பொதிந்திருக்க, பிள்ளைகளுக்கு அதை நாம் எடுத்துச் சொல்லாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆய்லரின் மற்றக் காரியங்களைச் சொல்லப் புகுந்தால் ஏடு கொள்ளாது. ஒன்று, நான்கில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று வர்க்க எண்களின் பின்னங்களை முடிவின்றிக் கூட்டினால் வரும் தொகை யாது என்ற புதிருக்கு, வட்டத்துக்கு உரிய பை என்னும் எண்ணின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று விடை கண்டு, இருபத்தெட்டு வயதுக்குள் ஐரோப்பாவையே வியப்பில் ஆழ்த்தியவர் அவர். அவர் எழுதியவை எண்ணூறுக்கு மேற்பட்டவை.

அவருடைய கண்களின் கதையை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. நம் ஆண்டைப் பற்றிய கட்டுரை அச்சேறிய காலத்தை ஒட்டியே வலக்கண் பார்வை போயிற்று. பெர்லினில் இருபத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து 1766இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பிய பின் இடக்கண்ணையும் புரை மறைத்தது. 1771இல் செய்த சிகிச்சையும் பலிக்கவில்லை. அதே ஆண்டில் வீடும் தீக்கிரையாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில், மகனும் சீடர்களும் துணைநிற்க, சந்திரனின் சிக்கலான இயக்கத்தைப் பற்றிய பெருநூலை அவர் வெளியிட்டார். சந்திரனுடைய இருப்பிடத்தை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து, ஏட்டைப் புரட்டாமலே கணித்த நம் வாக்கிய கணிதர்கள் அந்தக் குருட்டுக் கிழவரை அறிந்திருந்தால், தம் இனத்தவர் என்றே கொண்டாடியிருப்பார்கள்.

1783 செப்டம்பர் 18ஆம் நாள், அவர் பேரக்குழந்தை ஒன்றுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஹெர்ஷல் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றிச் சீடர் லெக்ஸலுடன் உரையாடினார். அன்றே மூளையில் இரத்தம் கசிந்து உயிர் நீத்தார்.

அந்த யுரேனஸ் 1977 மார்ச் 10ஆம் நாள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். ஜமுனாமரத்தூர் அமைந்துள்ள இதே ஜவ்வாது மலைத்தொடரிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பிவைத்துப் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் காத்திருந்தபோது, கிரகம் நட்சத்திரத்தை நெருங்குமுன்பே அதன் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. இந்துமகா சமுத்திரத்தின்மேல் பறந்த அமெரிக்க விமான வானாய்வகத்திலும் அத்தகைய மங்கல்கள் பதிவாயின. சனியைப் போலவே யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்பதை உலகம் இவ்வாறுதான் அறிந்துகொண்டது.