அம்மா பக்கத்தில் இல்லாத நான்கு இரவுகள்!

அதிகாலை ஐந்து மணி. பள்ளி வாசலில் பெரிய பஸ் நிற்கிறது. தங்கள் உயரத்தில் பாதி இருக்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள் பத்து, பதினோரு வயதுச் சுட்டிகள். அவர்கள் முகத்தில் சிரிப்பு. பின்னால் வரும் அம்மாக்களின் கண்களில் ஈரம். இங்கிலாந்தின் சில ஆரம்பப் பள்ளிகளில் கோடைக்காலம் நெருங்கும்போது காணக்கூடிய காட்சி இது. பஸ் போகும் இடம்... பிரான்ஸ்!

அங்கே ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு, ஆறாம் ஆண்டு. மே மாதம் தேசியத் தேர்வு முடியும். செப்டம்பரில் எல்லோரும் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிந்துவிடுவார்கள். அதற்குள் வகுப்பே ஒன்றாகச் சில நாள்கள் வெளியூரில் தங்கி வரும் பயணத்தை 'ரெசிடென்ஷியல்' என்கிறார்கள். பல பள்ளிகள் உள்நாட்டு முகாம்களுக்குப் போகும். சில பள்ளிகள் கடல் கடக்கும்.

கயிறும் ரொட்டியும்

டோவர் துறைமுகத்திலிருந்து கலே வரை கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் எல்லாமே மாறிவிடும். பஸ் சாலையின் வலது பக்கம் ஓடும். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். பவுண்டு போய் யூரோ வந்துவிடும்.

முகாமில் சுவர் ஏறுதல், வில்வித்தை, கம்பியில் தொங்கிச் சறுக்கும் 'ஜிப் வயர்' எனப் பகல் முழுக்க விளையாட்டுதான். பீப்பாய்களையும் கட்டைகளையும் கயிற்றால் கட்டித் தெப்பம் செய்து அதிலேயே மிதக்க வேண்டும். முடிச்சு சரியில்லை என்றால் மொத்தக் குழுவும் தண்ணீரில்! வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, இங்கே "அந்தக் கயிற்றை இழு" என்று மற்றவர்களை வேலை வாங்குவதும் உண்டு.

இன்னொரு நாள் உள்ளூர்ச் சந்தை. 'பான்ஜூர்' சொல்லி, ரொட்டி கேட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும். கூட யாரும் பேசிக் கொடுக்க மாட்டார்கள்.

இரவுதான் பரீட்சை

பகலில் பறந்த பிள்ளைக்கு, விளக்கை அணைத்ததும் வீட்டு ஞாபகம் வரும். பல பள்ளிகள் செல்போனுக்கு அனுமதி தருவதில்லை. அம்மாவின் குரலைக் கேட்டால் அழுகை அதிகமாகும் என்பது ஆசிரியர்களின் அனுபவம். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில் தோழிதான் துணை. முதல் இரவு அழுத பிள்ளை, மூன்றாம் இரவு வேறொரு பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும்.

பாதுகாப்பு?

1993 மார்ச்சில், இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சாகச மையம் ஒன்றின் மூலம் படகு ஓட்டச் சென்ற மாணவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு, 1995-ல் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஆனால், வெளிநாட்டு மையங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் பெற்றோர் கூட்டத்தில் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும்: மையத்தை யார் சோதித்தார்கள்? நீர் விளையாட்டின்போது பயிற்சி பெற்றவர் யார்? இரவில் பிள்ளைகளின் அறைக்கு அருகில் எந்த ஆசிரியர் தங்குவார்?

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். காலாவதித் தேதியை முன்பே பாருங்கள். லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையிடம் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் தேவை என்பதைப் பயணம் அறிவித்த அன்றே பள்ளியிடம் கேட்டுவிடுவது நல்லது. சைவ உணவு, ஒவ்வாமை விவரங்களையும் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்.

பணம் தடையாகக் கூடாது

'நம்மால் முடியாது' என்று படிவத்தையே மறைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில், குறிப்பிட்ட அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களிடம் இத்தகைய பயணங்களின் தங்கும் இடம், உணவுக்கான கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்கிறது விதி. தவணையில் கட்டவும் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. பள்ளி அலுவலகத்தில் தனியாகக் கேட்டால் போதும். வகுப்பில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வீட்டிலேயே ஒத்திகை

* ஒரு மாதம் முன்பே, தாத்தா பாட்டி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஓர் இரவு தனியாகத் தங்க வையுங்கள்.
* நீளமான கூந்தலா? தானே பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள்.
* பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும். நீங்கள் அடுக்கினால், சாக்ஸ் எங்கே இருக்கிறதென்று அங்கே போய்த் தெரியாது.
* "நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்?" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கவலையையும் பிள்ளை சேர்த்துச் சுமக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ் திரும்பும். பெட்டியைத் திறந்தால் ஈரத் துணியும் சேறும் வாசனையோடு வரவேற்கும். நீங்கள் மடித்துக் கொடுத்த சட்டைகளில் இரண்டு தொடப்படாமல் அப்படியே இருக்கும். திட்டாதீர்கள். மறுநாள் காலை யாரும் சொல்லாமலே தன் படுக்கையைத் தானே சரிசெய்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள்!