சீட்டும் பட்டியலும்: நகர வீட்டு ஒதுக்கீடு பற்றி

உப்பிலியபுரம் போன்ற சிற்றூர்ச் சபைகளில் ஊழியஞ்செய்யும் நமக்கு மாநகர வீட்டு ஒதுக்கீடு தொலைவிலுள்ள பொருளாகத் தோன்றலாம். ஆயினும் நம் சபை ஏடுகளில் பெயர் பதிந்த குடும்பங்கள் பல பிழைப்பை நாடிச் சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. அரசு கட்டும் வீடு சிலவாகவும் கேட்போர் பலராகவும் இருக்கையில், எவருக்கு எம்முறையில் வழங்குவது நீதி?

தமிழ்நாட்டில் இதற்கு இரு வழிகள் உள. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வீட்டுவசதி வாரியம், விண்ணப்பதாரரை வருவாய்ப் பிரிவுகளாக வகுத்துக் குலுக்கல் நடத்தி வந்துள்ளது. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியமோ (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்), பெரும்பாலும் குடிசைப் பகுதிகளில் கணக்கெடுக்கப்பட்டோருக்கே வீடு தருகிறது. முன்னது சீட்டு, பின்னது பட்டியல்.

சீட்டு திருமறைக்குப் புதிதன்று. எண்ணாகமம் 26:52-56இல் இரு கட்டளைகள் இணைந்து நிற்கின்றன. பெரிய கோத்திரத்துக்கு மிகுதியும் சிறியதற்குக் குறைவும் கொடுக்கப்பட வேண்டும்; ஆயினும் தேசம் சீட்டினால் பங்கிடப்பட வேண்டும். இடத்தைச் சீட்டும் அளவைத் தலைக்கணக்கும் தீர்மானித்தன என்பது விளக்கவுரையாளர் பலர் கொள்ளும் பொருள். நமக்கும் அதுவே ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது. சீட்டு சிபாரிசையும் கையூட்டையும் தடுக்கும். தேவையின் அளவை அது அறியாது. யோசுவா 18இலும் முதலில் ஆட்கள் நாட்டைச் சுற்றி அளந்து எழுதி வருகின்றனர். அதன் பின்னரே சீலோவில் யாவரறியச் சீட்டுப் போடப்படுகிறது.

பட்டியலுக்கும் குறையுண்டு. எண்ணாகமம் 26இல் கணக்கெடுப்பு முடிந்தவுடனேயே, 27ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர், தங்கள் தகப்பன் பெயர் அற்றுப்போகலாமோ என முறையிடுகின்றனர். முறையீடு நியாயமென்று ஏற்கப்பட்டுச் சட்டமே திருந்துகிறது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம், வீட்டைக் குடும்பத் தலைவியின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ பதியச் சொல்வது இவ்விடத்து ஒப்பிடத்தக்கது.

சென்னையின் பெருந்துன்பம் வேறிடத்தில் உள்ளது. 1970களில் குடிசை மாற்று வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே பல அடுக்குமாடி வீடுகளை எழுப்பிற்று. 2000க்குப் பின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல அங்கே அனுப்பப்பட்டன. செங்கற்சுவரும் கழிப்பறையும் உள்ள வீடு என்பதை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ வீட்டுவேலை செய்த பெண்ணுக்குப் பேருந்திலேயே நாள் கழிகிறது. பிள்ளையின் பள்ளிப்படிப்பும் இடையில் முறிகிறது. இங்கே இடத்தைத் தீர்மானித்தது சீட்டுமன்று, தேவையுமன்று, நிலத்தின் விலையே.

சிங்கப்பூரில் 1960 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீடு கட்டி வருகிறது. அங்கும் குலுக்கல் உண்டு. எனினும் முதன்முறை வாங்குவோருக்கும், பெற்றோர் அருகில் வாழ விரும்பும் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை தரப்படுகிறது. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இனவாரி வரம்பும் உண்டு. (அவ்வரம்பு நம் நாட்டுச் சாதித் தெருக்களுக்கு மருந்தாகுமா என்பது தனிக் கட்டுரைக்குரியது.) உறவின் அண்மையையும் ஒதுக்கீட்டின் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதே நாம் அங்குக் காண்பது.

அப்போஸ்தலர் 6இல் அன்றாடப் பகிர்வில் விடுபட்டவர்கள் கிரேக்க மொழி பேசிய விதவைகள். பகிர்வுக்கென நியமிக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. இன்று விடுபடுவோர் பெரும்பாலும் குடிசையிலும் வாடகைக்கிருப்போர். கணக்கெடுப்பு நாளில் வேலைக்குச் சென்றிருப்போர். குடும்ப அட்டை இன்னும் ஊர் முகவரியிலேயே உள்ளோர். அந்த ஊர் முகவரி பல வேளைகளில் நம் ஆலயம் நிற்கும் தெருவே. முகவரி மாற்ற விண்ணப்பத்தை நிரப்பித் தருவது ஓர் ஆயருக்கு அரைமணி நேர வேலை.