குறுக்குவழி

விண்டோஸ் கணினியில் தமிழில் எழுதத் தனி மென்பொருள் எதனையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை அதனுள்ளேயே இருக்கிறது. அதனைக் கண்டடைவதுதான் கடினம். 'செட்டிங்ஸ்' என்னும் அமைப்புகளைத் திறந்து, காலமும் மொழியும் பற்றிய பிரிவுக்குள் சென்று, அங்கிருந்து மொழிப் பக்கத்தை அடைய வேண்டும். டில்லியிலோ புனேயிலோ வாழும் மாணவர் ஒருவர் ஊரிலுள்ள பாட்டிக்கு இரண்டு வரி எழுத அமர்ந்து, வழியிலேயே சலித்து, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிவிடுவதுண்டு. பாட்டியோ அதனைப் படித்துக்காட்ட ஆள் தேடுவார்.

இந்த அலைச்சலைக் குறைப்பதே குறுக்குவழி. திரைமுகப்பின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'நியூ' என்பதையும் அடுத்து 'ஷார்ட்கட்' என்பதையும் தேர்ந்தெடுத்தால் ஒரு கட்டம் தோன்றும். அதில் மொழிப் பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் இடவேண்டும்: எம், எஸ் என்னும் இரண்டு எழுத்துகள், சிறுகோடு, செட்டிங்ஸ் என்னும் சொல், முக்காற்புள்ளி, இறுதியாக ரீஜன், லாங்குவேஜ் என்னும் இரு சொற்கள். எங்கும் இடைவெளி கூடாது. இலக்கண வகுப்பில் பலர் பொருட்படுத்தாத முக்காற்புள்ளியை இங்கே விட்டுவிட்டால் கணினி முகவரியை ஏற்காது. பின்னர் ஒரு பெயரிட்டு முடித்தால் திரைமுகப்பில் பணிக்குறி வந்துவிடும். அதனை இருமுறை சொடுக்கினால் மொழிப் பக்கம் நேரே திறக்கும்.

பணிக்குறியின் மூலையில் சிறு அம்புக்குறி ஒன்று இருக்கும். சாலையோரக் கைகாட்டி ஊரைச் சுட்டுமேயன்றி ஊராகிவிடாது. அதுபோல, குறுக்குவழியை நீக்கினாலும் அமைப்பு அழியாது. ஆயினும் அது திறந்துவிடும் பக்கத்தில் செய்யும் மாற்றம் உண்மையான மாற்றமே. ஆதலால் பள்ளிக் கணினியில் ஆசிரியரின் இசைவு பெற்றே செய்தல் வேண்டும்.

வீட்டுக் கணினியில் அக்காவுக்குத் தமிழ் 99 பிடிக்கும், தம்பிக்கு அஞ்சல் விசைப்பலகை பிடிக்கும் என்றால் இப்பக்கம் அடிக்கடி தேவைப்படும். இரண்டையும் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி மாறிமாறிப் பயன்படுத்தலாம்.

முகவரியின் முற்பகுதியை அப்படியே வைத்து, முக்காற்புள்ளிக்குப் பின் 'டிஸ்பிளே' என்று மட்டும் இட்டால் திரை அமைப்புகள் திறக்கும். எழுத்தைப் பெரிதாக்க அது உதவும். தமிழ் விசைப்பலகை கிடைத்த பின், பணிக்குறியைத் தேர்ந்து எஃப் 2 விசையை அழுத்தி, அதன் பெயரையும் தமிழிலேயே மாற்றிவிடலாம்.