அலை தள்ளும் பாய்

நம் எண்ணூரை அடுத்துள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு நிலைகளின் திறன் 1,830 மெகாவாட். அவ்வளவையும் மைக்ரோவேவ் கற்றையாக்கி ஓர் உலோகத் தகட்டின் மீது நாம் பாய்ச்சினால் எவ்வளவு தள்ளும்? வெறும் 12 நியூட்டன். ஒன்றேகால் கிலோ அரிசியைக் கையில் தாங்கும் பாரம்தான்!

ஒளிக்கும் மைக்ரோவேவுக்கும் நிறை இல்லை, உந்தம் உண்டு. பட்டுத் திரும்பும்போது தகட்டைத் தள்ளிவிட்டே திரும்புகின்றன. 1992-ல் ஏவப்பட்ட நமது இன்சாட்-2ஏ செயற்கைக்கோள், சூரிய ஒளியின் தள்ளலால் ஒரு பக்கமாகத் திரும்பிவிடாதிருக்க, மறுபக்கம் ஒரு பாய் பொருத்தப்பட்டிருந்தது.

தள்ளல் சிறிதென்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். 1985-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஃபார்வர்ட் முன்வைத்த 'ஸ்டார்விஸ்ப்' விண்கலம் 1 கிலோமீட்டர் அகலம். எடையோ 20 கிராம். எப்படி? அது காசிமேட்டு மீன்வலை போன்ற கம்பி வலை. வலைக்கண் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், மைக்ரோவேவ் அதன் வழியே நுழையாமல் திரும்பிவிடும். எரிபொருளையும் சுமக்க வேண்டாம்.

பிறகு தடை எது? தூரம் போகப் போகக் கற்றை விரிந்துவிடும். அதைக் குவிக்க 50,000 கிலோமீட்டர் அகல வில்லை வேண்டும் என்பது ஃபார்வர்டின் கணக்கு. பூமியின் விட்டத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு! பாயை இலேசாக்க வழி உண்டு. அலையைச் சிதறாமல் அனுப்புவதே பெரும்பாடு.