பில் வால்ஷ்: குவார்ட்டர்பேக்குகளை உருவாக்கிய பயிற்சியாளர்

பில் வால்ஷ் (நவம்பர் 30, 1931 - ஜூலை 30, 2007) அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பத்துப் பருவங்கள் பணியாற்றி, மூன்று முறை சூப்பர் பவுல் பட்டத்தை வென்றவர். குவார்ட்டர்பேக் நிலையில் ஆடும் வீரர்களைக் கண்டறிவதிலும் உருவாக்குவதிலும் வல்லவர் என்று பெயர் பெற்றவர். அந்தப் பெயர் எதன்மேல் நின்றது, எங்கே வழுவியது என்பதை அவர் கையாண்ட வீரர்களின் வரலாறு காட்டுகிறது.

## குவார்ட்டர்பேக் என்னும் பொறுப்பு

அமெரிக்கக் கால்பந்து, பிற நாடுகளில் கால்பந்து என்று சொல்லப்படும் ஆட்டத்திலிருந்து வேறுபட்டது. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது. களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குச் செல்லும்.

ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அதை ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, முன்னே ஓடும் கூட்டாளிக்கு எறிவதா, எறிவதென்றால் யாருக்கு என்பதை அவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிரணி வீரர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள்.

கல்லூரி ஆட்டத்தில் புகழ்பெற்ற பலர் தொழில்முறை ஆட்டத்தில் இந்த நிலையில் தோற்றிருக்கிறார்கள். டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில் அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களைத் தெரிவு செய்கின்றன. அதில் தவறான குவார்ட்டர்பேக்கைத் தெரிவு செய்யும் அணி பல ஆண்டுகள் பின்தங்க நேரும். பொருந்தாத அணியில் சேரும் இளைஞனின் தொழில்வாழ்வும் தொடங்கும்போதே முடிந்துவிடக் கூடும். இதனால்தான் குவார்ட்டர்பேக்குகளை எடைபோடும் திறன் ஒரு பயிற்சியாளரிடம் அரிதினும் அரிதாகக் கருதப்படுகிறது.

## சின்சினாட்டி ஆண்டுகள்

லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த வால்ஷ், சான் ஹோசே மாநிலக் கல்லூரியில் பயின்றார். பள்ளி, கல்லூரி அணிகளில் பயிற்சியளித்த பின் 1966-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளரானார். 1968-ல் பால் பிரவுன் புதிதாகத் தொடங்கிய சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே எட்டு ஆண்டுகள் பணியாற்றினார். அடுத்தடுத்து வந்த மூன்று குவார்ட்டர்பேக்குகள் அவருடைய நோக்கை உருவாக்கினர்.

முதலாமவர் கிரெக் குக். வலிமையான கையும் உயரமும் கொண்டவர். 1969-ல் முதல் பருவத்திலேயே சிறந்து ஆடினார். ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் அவருடைய தோள் காயமுற்றது. அந்தக் காயத்துடனே அப்பருவத்தை ஆடி முடித்தார். அதன்பின் அவரால் ஆட முடிந்தது 1973-ல் ஒரே ஒரு ஆட்டம் மட்டுமே.

இரண்டாமவர் வர்ஜில் கார்ட்டர். குக்கின் இடத்துக்கு 1970-ல் வந்தவர். நெடுந்தொலைவு எறியும் வலு அவரிடம் இல்லை. கூர்மையான அறிவும், விரைவான கால்களும், குறுந்தொலைவில் குறிதவறாத எறியும் இருந்தன. இல்லாததை அவரிடம் எதிர்பார்ப்பதற்குப் பதில், இருப்பதைக் கொண்டு வால்ஷ் ஆட்டத்தை வகுத்தார். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்ற பெங்கால்ஸ், அடுத்த ஏழையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1971-ல் கார்ட்டர் எறிந்தவற்றில் 62.2 சதவீதம் உரியவரைச் சேர்ந்தது. அது அவ்வாண்டு லீகிலேயே மிக உயர்ந்த விகிதம்.

மூன்றாமவர் கென் ஆண்டர்சன். இல்லினாய் மாநிலத்தின் அகஸ்டானா என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர். 1971 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் 67-ஆவதாகத் தெரிவு செய்யப்பட்டார். வால்ஷ் அவருடைய காலடி வைப்பிலிருந்து பயிற்சியைத் தொடங்கினார். 1974, 1975 ஆகிய இரு பருவங்களிலும் குவார்ட்டர்பேக் தரப்புள்ளியில் ஆண்டர்சன் லீகின் முதலிடத்தைப் பெற்றார்.

1975 பருவத்துக்குப் பின் பால் பிரவுன் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். தன் இடத்துக்கு வால்ஷை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வால்ஷ் அணியை விட்டு நீங்கினார். 1976-ல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியில் டேன் ஃபௌட்ஸுக்குப் பயிற்சியளித்தார். அடுத்த இரு ஆண்டுகள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அங்கும் அவருடைய குவார்ட்டர்பேக்குகளான கை பெஞ்சமினும் ஸ்டீவ் டில்ஸும் நாட்டின் முன்னணிக் கல்லூரி வீரர்களாயினர்.

## பயிற்சி முறை

கார்ட்டருக்காக வகுக்கப்பட்ட ஆட்டமுறை பின்னர் விரிந்து ‘வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்’ என்று பெயர் பெற்றது. பெயரில் மேற்குக் கரை இருந்தாலும் அது உருவானது ஓஹியோ மாநிலத்தின் சின்சினாட்டியில். அதன் அடிப்படைகள் இவை:

- குறுந்தொலைவு எறிதல்: களத்தின் நீளத்தைவிட அகலத்தைப் பயன்படுத்துதல். குறுகிய எறியைப் பிடிப்பவர் பந்துடன் ஓடி மீதித் தொலைவைக் கடப்பார்.
- காலடிக் கணக்கு: பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக் மூன்று, ஐந்து அல்லது ஏழு அடிகள் பின்வாங்குவார். ஒவ்வொரு எண்ணிக்கையும் பிடிப்பவர் ஓடும் பாதையின் நேரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். கடைசி அடி ஊன்றும்போது பந்து கையை விட்டுப் புறப்பட வேண்டும்.
- பார்வை வரிசை: முதலில் யாரைப் பார்ப்பது, அவர் தடுக்கப்பட்டிருந்தால் அடுத்து யார் என்ற ஒழுங்கு முன்கூட்டியே பயிற்றுவிக்கப்படும்.
- முன்வரைவு: ஆட்டத்தின் தொடக்க முயற்சிகளை வால்ஷ் முன்னதாகவே வரிசையாக எழுதி வைத்தார். என்ன வரப்போகிறது என்று தெரிந்த வீரர் பதற்றமின்றிக் களமிறங்கினார்.

இந்த முறையே வால்ஷின் எடைபோடும் அளவுகோலாகவும் ஆனது. மற்றவர்கள் உயரத்தையும் கைவலுவையும் முதலில் பார்த்தனர். வால்ஷ் கால்களின் இலகுவையும், எறியின் துல்லியத்தையும், நெருக்கடியில் நிதானம் இழக்காத இயல்பையும் பார்த்தார். எதைக் கற்பிக்க முடியும், எதை முடியாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது.

## ஜோ மான்டானா

1979-ல் வால்ஷ் ஃபார்ட்டி நைனர்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். அணி முந்தைய பருவத்தில் இரண்டே ஆட்டங்களை வென்றிருந்தது. முதல் சுற்றுத் தெரிவுரிமையும் அதனிடம் இல்லை. ஓ. ஜே. சிம்சனைப் பெறுவதற்காக அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. வால்ஷுக்குப் பிடித்திருந்த ஃபில் சிம்ஸை நியூயார்க் ஜெயன்ட்ஸ் ஏழாவதாக எடுத்துக்கொண்டது.

நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் ஜோ மான்டானா மெலிந்த உடல்வாகு கொண்டவர். அவருடைய கைவலு போதாது என்று பல அணிகள் கருதின. வால்ஷ் அவரை நேரில் எறியச் செய்து பார்த்து, மூன்றாம் சுற்றில் 82-ஆவதாகத் தெரிவு செய்தார்.

தெரிவு செய்ததும் களமிறக்கிவிடவில்லை. முதல் பருவத்தில் ஸ்டீவ் டிபெர்க் 578 முறை பந்தை எறிந்தார். மான்டானா எறிந்தது 23 முறை மட்டுமே. அணி அப்பருவத்திலும் இரண்டு ஆட்டங்களையே வென்றது. தோல்விகளின் நடுவிலும் வால்ஷ் புதிய வீரரை அவசரப்படுத்தவில்லை. 1980-ல் பருவத்தின் நடுவே பொறுப்பு மான்டானாவிடம் வந்தது. எறிகளின் வெற்றி விகிதத்தில் அவ்வாண்டே அவர் லீகில் முதலிடம் பெற்றார்.

1982 ஜனவரி 10 அன்று டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில், துரத்தப்பட்டு ஓடியபடியே மான்டானா எறிந்த பந்தை டுவைட் கிளார்க் எம்பிப் பிடித்தார். அணி 28-27 என்று வென்றது. அதைத் தொடர்ந்த சூப்பர் பவுலில் ஃபார்ட்டி நைனர்ஸ் 26-21 என்ற கணக்கில் வென்ற அணி சின்சினாட்டி பெங்கால்ஸ். எதிரணியின் குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சன். அந்த இறுதி ஆட்டத்தில் இருபுறமும் ஆடிய குவார்ட்டர்பேக்குகள் இருவரும் வால்ஷிடம் பயின்றவர்கள்.

## ஸ்டீவ் யங்

1986-ல் மான்டானாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. 1987-ல் வால்ஷ் டம்பா பே பக்கனீர்ஸ் அணியிடமிருந்து ஸ்டீவ் யங்கை, இரண்டாம், நான்காம் சுற்றுத் தெரிவுரிமைகளைக் கொடுத்துப் பெற்றார். டம்பாவில் யங் தொடங்கிய 19 ஆட்டங்களில் அணி வென்றது மூன்றே. அவர் எறிந்த டச்டவுன்கள் 11, எதிரணியிடம் பறிகொடுத்த எறிகள் 21. அவரைத் தோல்வியடைந்தவராகவே பலர் எண்ணினர். வால்ஷ் அந்த எண்களில் வீரரின் குறையைவிட அணியின் குறையையே கண்டார்.

இந்த முடிவு எளிதாக இருக்கவில்லை. 1988 ஜனவரியில் மின்னசோட்டாவுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டத்தில் வால்ஷ் மான்டானாவை வெளியே அழைத்து யங்கை அனுப்பினார். அணி தோற்றது. அடுத்த பருவம் முழுவதும் இருவரில் யார் என்ற கேள்வி நீடித்தது. மான்டானாவுக்கு அது கசப்பான காலம். 1989 ஜனவரி சூப்பர் பவுலில் ஆட்டம் முடிய 34 நொடிகள் இருக்கையில் மான்டானா எறிந்த டச்டவுனால் அணி மீண்டும் பெங்கால்ஸை வென்றது. வால்ஷ் அத்துடன் அப்பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார்.

யங்கின் உயர்வை வால்ஷ் வெளியிலிருந்தே கண்டார். யங் 1992, 1994 பருவங்களின் சிறந்த வீரராகத் தேர்வானார். 1995 ஜனவரியில் சூப்பர் பவுலில் ஆறு டச்டவுன்கள் எறிந்தார்.

## தவறிய கணிப்பு

வால்ஷ் 1999-ல் ஃபார்ட்டி நைனர்ஸின் பொது மேலாளராகத் திரும்பினார். கனடிய லீகின் கால்கரி அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜெஃப் கார்சியாவை அழைத்து வந்தார். உயரம் குறைந்தவர் என்று பிற அணிகள் ஒதுக்கியிருந்த கார்சியா, 2000 பருவத்தில் 31 டச்டவுன்கள் எறிந்தார்.

அதே ஆண்டு டிராஃப்டில் வால்ஷ் மூன்றாம் சுற்றில் 65-ஆவதாக ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் ஜியோவானி கார்மாஸியைத் தெரிவு செய்தார். கார்மாஸி லீகின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட களமிறங்கவில்லை. அந்த டிராஃப்டில் 199-ஆவதாக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்த டாம் பிரேடி, பின்னர் ஏழு சூப்பர் பவுல்களை வென்றார். பிரேடி சான் பிரான்சிஸ்கோவை அடுத்த சான் மட்டேயோவில் வளர்ந்தவர். டுவைட் கிளார்க் பந்தைப் பிடித்த அந்த ஆட்டத்தை நான்கு வயதில் அரங்கில் இருந்து பார்த்தவர். துல்லியமும் நிதானமும் கொண்ட, உடல்வலுவால் கவராத வீரரான அவர் வால்ஷின் அளவுகோலுக்கே பொருந்தியவர்.

## மதிப்பீடு

வால்ஷ் 1993-ல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். டேன் ஃபௌட்ஸும் அதே ஆண்டு சேர்க்கப்பட்டார். மான்டானா 2000-லும், யங் 2005-லும் இடம்பெற்றனர். வால்ஷின் உதவியாளராக இருந்த மைக் ஹோம்கிரென் பின்னர் கிரீன் பே அணியில் பிரெட் ஃபாவ்ரை உருவாக்கினார்.

வால்ஷின் பெயர் ஒருபோதும் தவறாத கண்ணால் வந்ததல்ல. கார்மாஸி அதற்குச் சான்று. சிம்ஸ் கிடைத்திருந்தால் மான்டானா வேறோர் அணிக்குப் போயிருக்கக் கூடும். அவரை வேறுபடுத்தியது தெரிவுக்குப் பின் செய்த வேலை. ஒரு வீரரிடம் உள்ள திறனுக்கேற்ப ஆட்டத்தை அமைத்தார். அந்த ஆட்டத்தைக் காலடி காலடியாகக் கற்பித்தார். ஆயத்தமாகும்வரை காத்திருந்தார். கார்ட்டரும் யங்கும் வேறிடங்களில் மதிப்பிழந்தவர்கள். அவர்களுடைய வரலாறு, ஒரு குவார்ட்டர்பேக்கின் தரத்தை அவர் சேரும் இடத்திலிருந்து பிரித்து அளக்க முடியாது என்பதைக் காட்டுகிறது.