வாங்குவோர் சொல்லும் சங்கத்தின் இணையதளமும்

கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர்களின் சொத்து. ஆதலின் சங்கக் கடைக்கு வருவோரின் சொல்லைச் செவிமடுத்துக் கேட்பது அதன் கடமைகளுள் முதன்மையானதாகும். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து சிறு கடையொன்றைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி முதலிய சில பண்டங்களே அங்கு இருந்தன. கடையின் உடைமையாளரே அங்கு வாங்குவோராகவும் இருந்தமையால், சரக்கில் குறை நேரின் அது நிர்வாகத்தாரின் காதுக்கு எட்டாமற் போக வழியில்லை. கூட்டுறவின் வலிமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்று நம் கடைக்கு மற்றொரு வாயிலும் உண்டு. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தலைமைச் சங்கம் தன் இணையதளத்தின் வாயிலாகவும் துணி விற்கின்றது. திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் அர்த்தநாரீஸ்வரா சரக்குகள் போன்றவற்றை விற்பதற்கென 2023-இல் கூட்டுறவுத் துறை ‘கோ-ஆப் பஜார்’ என்னும் கைபேசிச் செயலியை வெளியிட்டது. இவ்வாயிலின் வழியே வருவோரின் கருத்தை அறிவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சந்தையில் உள்ளது, திரையில் இல்லாதது

மஞ்சள் ஏலத்தில் வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்கிறார். முகம் சுளித்தால் விளைவித்தவர் அக்கணமே அறிகிறார். துணிக்கடையில் சேலையை வெளிச்சத்திற்குப் பிடித்துப் பார்க்கும் அம்மையார், “கரை சற்று அகலம்” என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கேட்கிறார். விற்பனையாளருக்கு அது இலவசமாகக் கிடைத்த பாடம்.

இணையதளத்திலோ வந்தவர் ஒரு சொல்லும் சொல்லாது சென்றுவிடுகிறார். விலை மிகுதியென்று சென்றாரா, படம் தெளிவில்லையென்று சென்றாரா, பணம் செலுத்துமிடத்தில் தடைப்பட்டாரா என்பதைச் சங்கம் அறியாது. விற்காத சேலை அலமாரியில் தூங்கும். மத்தியக் கூட்டுறவு வங்கியில் பெற்ற காசுக்கடனுக்கு வட்டி தூங்குவதில்லை. இருப்புத் தேங்கினால் அடுத்த பாவு தருவது தாமதமாகும். பாவு இல்லையேல் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆகவே, எங்கோ ஓரூரில் கைபேசியை மூடி வைத்த ஒருவரின் மனக்குறை, சேலத்து நெசவாளர் வீட்டு அடுப்பைத் தொடும் விஷயமாகும்.

யாரைக் கேட்பது, எதைக் கேட்பது?

வாங்கியவரை மட்டும் கேட்பது பல சங்கங்களின் வழக்கம். வாங்கியவர் தடைகளைக் கடந்து வந்தவர். தடையில் நின்றவரிடமே நாம் கற்க வேண்டியது மிகுதி. உதாரணமாக, 200 பேர் ஒரு சேலையின் பக்கத்தைப் பார்த்து, 40 பேர் அதைப் பையிலிட்டு, 10 பேரே பணம் செலுத்தினர் என்று கொள்வோம். பையிலிட்டபின் நின்ற 30 பேருக்குச் சேலை பிடித்திருந்தது என்பது பெரும்பாலும் உறுதி. அவர்களைத் தடுத்தது அஞ்சற் கட்டணமா, திருப்பி அனுப்பும் விதி விளங்காமையா, பணம் செலுத்தும் முறையா என்பதே கேள்வி.

கேள்விகள் சிலவாக இருத்தல் நலம். எதைத் தேடி வந்தீர்கள்? அது கிடைத்ததா? கிடைக்காவிடில் தடையாக இருந்தது யாது? இம்மூன்றும் போதும். “எங்கள் தளம் சிறப்பாக உள்ளதல்லவா?” என்பது கேள்வியன்று, புகழ் வேண்டுதல். துணி கையில் சேர்ந்து ஒரு வாரம் சென்றபின், “படத்தில் கண்ட நிறமும் கையிற் கண்ட நிறமும் ஒத்திருந்தனவா?” என்று மீண்டும் ஒருமுறை கேட்கலாம். பட்டின் சாயம் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுமாதலின், இக்கேள்வி நம் தொழிலுக்கு இன்றியமையாதது.

அருகிருந்து பார்த்தல்

சொல்வதைக் கேட்பதினும் செய்வதைப் பார்ப்பது மேல். தளத்தை முன்பு கண்டிராத ஐவரை அழைத்து, “தந்தையாருக்கு எட்டு முழ வெண்பட்டு வேட்டி ஒன்று வாங்குங்கள்” என்று மட்டும் கூறிவிட்டு, உதவி செய்யாது அருகிருந்து பார்க்க வேண்டும். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே குறை உள்ளது. முழக்கணக்கு நமக்குப் பழக்கம். வெளியூரார்க்கு மீட்டரிலும் எழுதவேண்டும் என்பது போன்ற குறைகள் இவ்வாறே வெளிப்படும்.

ஐவர் போதுமா என்று சிலர் ஐயுறலாம். யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் இதற்கொரு கணக்குக் காட்டினார். ஒருவர் முயல்வதால் சராசரி 31 சதவிகிதக் குறைகள் தெரியவருமாயின், ஐவர் முயன்றால் ஏறக்குறைய 85 சதவிகிதம் தெரிந்துவிடும் என்பது அவர் கூற்று. ஐவரைப் பார்த்துத் திருத்தி, பின்னர் வேறு ஐவரைப் பார்ப்பது, ஒரே தடவையில் பலரைப் பார்ப்பதினும் சிக்கனமானது. நிதி குறைந்த சிறு சங்கத்துக்கும் இயலக்கூடிய முறை இது.

மதிப்பெண் இடுதல்

முன்னேற்றத்தை அளக்க ஓர் அளவுகோல் தேவை. 1986-இல் இங்கிலாந்தில் ஜான் புரூக் என்பவர் பத்து வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளொன்றை வகுத்தார். ஒவ்வொரு வாக்கியத்திற்கும், உடன்படாமைக்கு 1 முதல் முழு உடன்பாட்டுக்கு 5 வரை எண் இடவேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழ்ச்சி, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை. முன்னவற்றில் இட்ட எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க. பின்னவற்றில் 5-லிருந்து இட்ட எண்ணைக் கழிக்க. அனைத்தையும் கூட்டி இரண்டரையால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கிடைக்கும். பல ஆய்வுகளில் கண்ட சராசரி 68. நம் தளம் அதற்குக் கீழிருப்பின் திருத்தம் தேவை எனக் கொள்ளலாம். எங்கே திருத்துவது என்பதை எண் சொல்லாது. அதற்கு அருகிருந்து பார்த்தலே துணை.

பதிவேடும் சட்டமும்

கேட்டதைப் பதிவு செய்யாவிடில் கேட்டும் பயனில்லை. தேதி, குறை, எந்தப் பக்கம், எடுத்த நடவடிக்கை, முடித்த நாள் என்று ஐந்து கலங்கள் கொண்ட பதிவேடு போதும். நிர்வாகக் குழு மாதந்தோறும் அதைப் பார்வையிட்டு, பலமுறை வந்த குறையை முதலில் தீர்க்க வேண்டும். ஒருவர் சொன்னதற்காகக் கரையின் அகலத்தை மாற்றிவிடுதல் ஆகாது. பலர் சொன்னால், கைத்திறன் அறிந்த நெசவாளரையும் கலந்து முடிவு செய்க.

சட்டமும் இதையே வேண்டுகிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் பெற்ற 48 மணி நேரத்திற்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். விற்பனை செய்வோர் தாமே வாங்குவோர்போல் புகழுரை எழுதுதல் அவ்விதிகளில் தடை செய்யப்பட்டுள்ளது. ஊழியரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் இடுவித்தல் சட்டத்திற்கு விரோதம். அதனினும், சங்கம் தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்வதுமாகும். வாங்குவோரின் கைபேசி எண்ணை அவர் இசைவின்றி வேறு காரியத்திற்கு உபயோகித்தலும் கூடாது.

அங்கத்தினர் பங்கு

இவை யாவும் காரியதரிசியின் வேலை என்று நெசவாளரும் விவசாயிகளும் ஒதுங்கியிருத்தல் தகாது. பொதுப் பேரவையில் வரவு செலவைக் கேட்பதுபோல், “இவ்வாண்டு வாங்குவோர் சொன்ன குறைகள் எவை? அவற்றுள் தீர்ந்தவை எத்தனை?” என்றும் கேளுங்கள். நெய்தவருக்கு அவர் துணியைப் பற்றிய கருத்தும், விளைவித்தவருக்கு அவர் சரக்கைப் பற்றிய கருத்தும் தவறாது போய்ச் சேரட்டும். வாங்குவோரின் சொல் தறிமேடை வரையிலும் வயல்வரப்பு வரையிலும் வந்து சேருமாயின், நம் சங்கங்களின் சரக்கு தேங்காது. அங்கத்தினரின் வாழ்வும் தழைக்கும்.